வீட்டில் கிடைத்த பழைய காசு: அசலா, போலியா, என்ன பெறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நாணயம் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இருபது கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் பேச்சு மாறாமல், கீழே தொகுத்திருக்கிறோம். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்து முன்னால் போய் வரவும்.

1. தாத்தா பெட்டியில ஒரு டப்பா நிறைய பழைய காசு இருந்துச்சு. முதல்ல என்ன செய்யணும்?

எதையும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். துணியை விரித்து அதன்மேல் கொட்டி, நிறம் பார்த்துப் பிரியுங்கள்: வெள்ளை, செம்பு, மஞ்சள். காசைப் பிடிக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். முகத்தில் பதியும் விரல் ரேகை சில மாதத்தில் கறையாகி நின்றுவிடும். டப்பாவில் சீட்டு, பழைய பொட்டலத் தாள், கணக்குக் குறிப்பு எதுவும் இருந்தால் அதையும் எறிய வேண்டாம். எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நான்கு கருவி போதும்: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு நல்ல காந்தம். ஒவ்வொரு காசுக்கும் ஆண்டு, எடை, விட்டம், காந்தம் இழுக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விலையைப் பற்றிய பேச்சு இதற்கு அப்புறம்தான்.

2. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே, அப்போ கூட விலை வரும்ல?

வராது, குறையும். புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, சபீனா என்று எதைப் போட்டாலும் மேல் தோல் உரிகிறது. செம்பின் மேல் பல பத்தாண்டுகளில் படிந்த பழுப்பு நிறம் போய், பச்சைக் குழந்தைத் தோல்போல ஒரு இளஞ்சிவப்பு வரும். அந்த நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் சேகரிப்பவர் காசைக் கீழே வைத்துவிடுவார். வெள்ளியில் தேய்த்தால் லென்ஸுக்கு அடியில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும்; அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது.

மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மட்டும், காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, தேய்க்காமல், பஞ்சுத் துணியில் ஒற்றி எடுக்கலாம். பசை, பிசின் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் வேறு சேர்மானங்கள் இருக்கும், அது வேண்டாம். அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

3. நூறு வருஷம் பழசுன்னா நல்ல விலை போகும்தானே?

வயசுக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜராஜன் செப்புக்காசு, தேய்ந்த நிலையில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏராளமாக அச்சிட்டார்கள், ஏராளமாக மிஞ்சியும் இருக்கிறது. விலையை முடிவு செய்பவை மூன்று: இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது.

நம் ஊர்க் காசே ஒரு நல்ல உதாரணம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த 1808-ஆம் ஆண்டு பத்துக் காசு, இருபதுக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை எடுத்தார்கள். இருநூறு வருடப் பழைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, புழங்கவே புழங்காமல், கூர்மையான எழுத்தோடு, இன்றும் மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான்.

4. வெள்ளி ரூபாய் எது, வெள்ளி இல்லாதது எது? வருஷத்தை வச்சே சொல்ல முடியுமா?

பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய்க்குச் சொல்லலாம். 1835 முதல் 1939 வரை ஆண்டு பொறித்தவை 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947 புலி போட்ட ரூபாய் சுத்த நிக்கல், வெள்ளி துளியும் கிடையாது. மூன்றுக்கும் எடை ஒன்றே, 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. எடையை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். 1947 ரூபாயைக் காந்தம் பட்டென்று இழுத்துக்கொள்ளும்.

பழைய தர வெள்ளியில் அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம். வெள்ளி இரண்டணா 1917 வரைதான். சுதந்திரத்துக்குப் பின் 1950 ரூபாயும் நிக்கல். 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 80 சதவீத வெள்ளி, 15 கிராம். 1972 சுதந்திர வெள்ளிவிழாப் பத்து ரூபாய் பாதி வெள்ளி, 22.5 கிராம்.

5. வெள்ளி ரூபாய் அசலா போலியான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பெரும்பாலான மட்டமான போலிகளை வீட்டிலேயே பிடித்துவிடலாம். வரிசை முக்கியம். முதலில் எடை: 11.66-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அடுத்து விட்டம்: சுமார் 30.5 மில்லிமீட்டர். மூன்றாவது காந்தம்: வெள்ளியை இழுக்கக் கூடாது. காசைச் சாய்வாகப் பிடித்து வலுவான நியோடிமியம் காந்தத்தை அதன்மேல் சரியவிட்டால், வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். ஜெர்மன் சில்வரில் (பெயர்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) விறுவிறுவென்று ஓடிவிடும்.

நான்காவதுதான் கெட்டிக்காரச் சோதனை, அடர்த்தி. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணை பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். காசில் குமிழி ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாய்க்கு 1.13 வரும். 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளிக்கு 1.22. வெள்ளி முலாம் பூசிய பித்தளை, ஜெர்மன் சில்வர் என்றால் 1.33-க்கு மேல் போகும். இரண்டணா போன்ற சின்னக் காசில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். தராசின் சிறு பிழையே விடையைப் புரட்டிவிடும்.

தட்டிப் பார்த்து 'கிண்' என்று ஒலித்தால் அசல் என்பார்கள். நிக்கலும் கிண்ணென்று ஒலிக்கும். ஒலி மந்தமாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

6. என் ரூபாய் 11.4 கிராம்தான் இருக்கு. போலியா?

காசின் முகத்தைப் பாருங்கள். ராணியின் தலைமுடி, கிரீடம், பின்பக்கப் பூவேலை எல்லாம் மழுங்கியிருந்தால் தேய்மானத்தில் எடை போயிருக்கிறது, அது இயல்பு. எழுத்தும் முடியிழையும் அச்சிலிருந்து நேற்று வந்ததுபோல் கூர்மையாக இருந்து, எடை மட்டும் குறைந்தால் அது சரியில்லை. எடை கூடுதலாக இருந்தால் இன்னும் சந்தேகம். புழங்கிய காசுக்கு எடை ஏற வழியே இல்லை.

7. வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கு, இன்னொண்ணுல நட்சத்திரம் இருக்கு. அது என்ன?

எந்த அச்சகத்தில் அடித்தது என்ற குறி. சுதந்திர இந்தியக் காசுகளில் சாய்சதுரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. குறி ஏதும் இல்லாவிட்டால் கொல்கத்தா. தேவை மிஞ்சியபோது வெளிநாட்டிலும் அடித்திருக்கிறார்கள்: பிரிட்டன், தென்கொரியா, மெக்சிகோ, ஸ்லோவாக்கியா, தென்னாப்பிரிக்கா. 1985 ஒரு ரூபாயில் 'ஹெச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்தது. அபூர்வம் இல்லை.

விக்டோரியா காசுகளில் 'பி' என்ற ஆங்கில எழுத்து பம்பாய், 'சி' கல்கத்தா. ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 'எல்' இருந்தால் லாகூர். ஒரே ஆண்டில் ஒரு அச்சகத்துக் காசு மலிவாகவும் இன்னொன்று அரிதாகவும் இருப்பது சகஜம், ஆகவே இந்தச் சின்னக் குறியைப் பார்க்காமல் விலை கேட்பதில் பொருள் இல்லை. இன்னொன்று: 1840, 1862 என்ற ஆண்டுகளைப் பல வருடம் மாற்றாமலே அடித்தார்கள். 1862 ரூபாய் கூடை கூடையாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். பின்பக்கத்தில் உள்ள நுண்புள்ளிகளை எண்ணித்தான் அதில் வகை பிரிக்கிறார்கள்.

8. 'நல்ல நிலை'ன்னா என்ன? எனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியுது.

உயரமான இடங்களைப் பாருங்கள். தேய்மானம் முதலில் அங்கேதான் தொடங்கும்: ராஜா ராணி முகத்தில் புருவத்துக்கு மேலுள்ள முடி, காது, கிரீடத்தின் மணிகள், தோள் உடையின் வேலைப்பாடு. அங்கே இழை இழையாகக் கோடு தெரிந்தால் உயர்ந்த தரம். வடிவம் தெரிந்து இழை மறைந்திருந்தால் நடுத்தரம். தலை வெறும் நிழலாகத் தெரிந்தால், அரிய ஆண்டாக இல்லாதவரை, வெள்ளி விலைதான்.

உலக வழக்கில் 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். புழங்காத காசு 60-இல் தொடங்கும். 60-க்கும் 65-க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், விலை வித்தியாசம் பல மடங்கு. பழக்கம் இல்லாதவர் தன் காசுக்குத் தானே மதிப்பெண் போட்டால் எப்போதும் பத்து புள்ளி கூடத்தான் வரும்.

9. பாட்டி காசுமாலையில இருந்து எடுத்த காசு. காது வச்சிருக்கு. பரவாயில்லையா?

நகையாக மதிப்பு உண்டு. சேகரிப்புக் காசாக மதிப்பு பெரிதும் விழுந்துவிடும். காதை அறுத்து ஓரத்தை ராவி எடுத்தாலும் லென்ஸில் சூட்டுத் தழும்பும், ஓரக் கோடுகள் அறுந்த இடமும் தெரியும். பன்னிரண்டு மணி இடத்தை முதலில் பார்ப்பது வியாபாரிகளின் வழக்கம். காது இருந்தபடியே விடுங்கள். பிடுங்கினால் நகையும் போச்சு, காசும் போச்சு.

1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவை இதோடு குழப்ப வேண்டாம். அதன் ஓட்டை அச்சகத்திலேயே போட்டது.

தங்கக் காசென்றால் கூடுதல் எச்சரிக்கை. காசுமாலைக்கென்றே பொற்கொல்லர் செய்த சவரன் மாதிரிக் காசுகள் நிறைய. பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 மில்லிமீட்டர். தங்கம் அசலாக இருந்தும் காசு அசலாக இல்லாதது நிறைய வீடுகளில் உண்டு.

10. கிழக்கிந்தியக் கம்பெனி 1818, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். கோடி ரூபாய் போகும்ங்கிறாங்களே?

அது நாணயமே இல்லை. 'யு.கே.எல். ஒன் அணா', 'அரையணா 1616' போன்ற வாசகங்களோடு ராமர், அனுமார், லட்சுமி, தாமரை போட்டு வரும் பித்தளை, செம்பு வில்லைகள் எல்லாம் பிற்காலத்தில் விற்பனைக்கென்று செய்தவை. கம்பெனியின் அச்சகம் எதிலும் இப்படி ஒரு வகை கிடையாது. அசல் கம்பெனிச் செப்புக்காசில் கம்பெனியின் சின்னமோ, தராசோ, பாரசீக எழுத்தோ இருக்கும். 1808 இருபதுக் காசின் பின்பக்கத்தில் அது எத்தனை பலூஸுக்கு (அக்காலச் செப்புக்காசு) சமம் என்று பாரசீகத்தில் எழுதியிருக்கும்.

கம்பெனி சாமி உருவமே போட்டதில்லை என்று சிலர் அடித்துச் சொல்வதும் தவறு. சென்னையில் அடித்த வராகன் என்ற சிறு தங்கக் காசில் பெருமாள் உருவம் உண்டு. நட்சத்திர வராகனின் எடை சுமார் 3.4 கிராம்தான். அதேபோல ராமர் பட்டாபிஷேகம் போட்ட ராமடங்கா என்ற பூஜை வில்லைகள் வெள்ளியில் உண்மையிலேயே உண்டு. அவை பக்திப் பொருள்கள், கடைத்தெருவில் புழங்கியவை அல்ல. கம்பெனி பெயரும் ராமரும் ஒரே காசில் சேர்ந்து வந்தால் யோசிக்கவே வேண்டாம், போலிதான்.

11. இந்தக் காசு அரிசியை இழுக்குது. இரிடியம்னு சொல்றாங்க...

'ரைஸ் புல்லிங்' மோசடி. எந்தப் பழைய காசும், எந்தக் கலசமும் அரிசியை இழுக்காது. இரிடியத்துக்கும் அந்தக் குணம் இல்லை. அரிசியில் இரும்புத் தூளை ஒட்டி, காசுக்குள் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். வேறு அரிசி கொண்டுவந்து கொடுத்துப் பாருங்கள், இழுப்பு நின்றுவிடும். 'பரிசோதனைக் கட்டணம்' என்று முன்பணம் கேட்பதுதான் இதன் மொத்த நோக்கம். போலீசுக்குப் போகலாம்.

12. வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சம் தர்றேன்னு ஆன்லைன்ல ஒருத்தர் சொல்றார். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டச் சொல்றார்.

கட்டாதீர்கள். 2012-இல் வெளியான அந்த ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் பெருமளவில் புழக்கத்துக்கு விட்டவை. விளம்பரத்தில் ஒருவர் லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை அல்ல.

ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி வரி, கமிஷன் கேட்பது இந்த மோசடியின் அடுத்த கட்டம். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று அறிக்கையே வெளியிட்டது. காசு விற்பவர் பணம் கட்டும் வியாபாரம் உலகத்தில் கிடையாது.

13. அப்போ சரியான விலையை எப்படித் தெரிஞ்சுக்கிறது? கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்கிறாரே?

முதலில் தரை விலை. நல்ல வெள்ளி ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், 1940–45 ரூபாயில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். சாதாரண ஆண்டு, தேய்ந்த நிலை என்றால் விலை இதற்குச் சற்று மேலே நிற்கும். எண்ணூறு ரூபாய்க்கு வெள்ளி உள்ள காசை நானூறுக்குக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

அதற்கு மேலே போகும் காசுக்கு, ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்ற விலைகளைப் பாருங்கள். ஆண்டு, அச்சகக் குறி (கேள்வி 7), தரம் (கேள்வி 8) மூன்றும் உங்கள் காசோடு பொருந்த வேண்டும். ஒரே ஒரு ஏலத்தை நம்பாதீர்கள்; இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிவிட்ட விலையாக இருக்கலாம். ஏலத்தில் வாங்குபவர் தனியாகக் கட்டணமும் வரியும் கட்டுகிறார், விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள், அதனால் அச்சிட்ட தொகை அப்படியே உங்கள் கைக்கு வராது.

கடைக்காரர் குறைத்துக் கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. அவர் வாங்கி வைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரிய காசுக்கு எழுபது சதவீதம் தந்தால் நல்ல வியாபாரி என்றே எண்ணலாம். எல்லோரிடமும் இருக்கும் காசுக்கு அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். மொத்தமாக 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று விலை பேசினால் மட்டும் உஷாராகுங்கள்: அந்தக் குவியலில் அவர் ஒரு காசைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

14. எடை சரி. நகைக்கடை மெஷின்லயும் வெள்ளின்னு வந்துடுச்சு. இனி சந்தேகமே இல்லைதானே?

மெஷின் உலோகத்தைத்தான் சொல்கிறது, காசு எப்போது அடித்தது என்பதை அல்ல. நல்ல வெள்ளியிலேயே செய்த போலிகள் உண்டு. அரிய காசுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். மெஷின் மேல்தோலை மட்டும் படிக்கும் என்பதால் கனமான முலாமும் அதை ஏமாற்றும். ஐந்தாம் பதிலில் உள்ள அடர்த்திச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லும்.

வார்ப்புப் போலியை லென்ஸில் பிடிக்கலாம். அச்சு அடித்த காசில் எழுத்தின் சுவர் செங்குத்தாக, தரை வழவழப்பாக இருக்கும். வார்த்ததில் எழுத்து சோப்புக் கட்டியில் எழுதியதுபோல மழுங்கி, தரையில் ஊசி குத்தியதுபோல் குழிகள், எழுத்தோரங்களில் சிறு மணிகள் தெரியும். ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடோ, அதை ராவிய தடமோ இருக்கும். ஓரக் கோடுகளின் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டுமே ஒரு தாய்க் காசிலிருந்து எடுத்த வார்ப்பு.

புதிய அச்சு வெட்டி அடித்த போலியில் இந்தக் குறைகள் இருக்காது. அங்கே ஒரே வழி, ஐயமில்லாத அசல் காசோடு பக்கத்தில் வைத்து, எழுத்தின் வால், எண்ணின் வளைவு, மணிகளின் எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. ஆங்கில எழுத்தில் கோட்டை விடாதவர்கள்கூடப் பாரசீக எழுத்தில் தப்பு விட்டிருப்பார்கள்.

15. என்கிட்ட 1939 ஒரு ரூபாய் இருக்கு. ரொம்ப அபூர்வமாமே?

அசல் 1939 ஒரு ரூபாய் அபூர்வம்தான். அதனாலேயே முதலில் சந்தேகப்பட வேண்டிய காசும் அதுதான். 1938-இன் 8-ல் கீழ் இடது வளைவைச் சுரண்டினால் 9 வந்துவிடும். கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தரையை லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: சுரண்டிய இடம் மினுக்கும், அல்லது லேசாகப் பள்ளமாகும். 9-இன் தடிப்பு பக்கத்திலுள்ள 3-இன் தடிப்போடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, ஓரம். பாதி வெள்ளிக் காலத்து ரூபாய்களில், ஓரக் கோடுகளின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். கள்ளக் காசைத் தடுக்க வைத்த பாதுகாப்பு ஓரம் அது. '1939' என்று சொல்லும் காசில் அந்தப் பள்ளம் இருந்தால் ஆண்டில் கைவைத்திருக்கிறார்கள். அடர்த்திச் சோதனையும் (கேள்வி 5) செய்துவிடுங்கள்: கன அளவு 1.13 வர வேண்டும், 1.22 அல்ல. அதே ஆண்டின் அரை ரூபாய் எளிதாகக் கிடைப்பது. அதன் விலையை இதோடு குழப்ப வேண்டாம்.

1911 'பன்றி ரூபாய்' பற்றியும் இதே ஆவல் உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் தெரிவதாக எதிர்ப்பு வந்ததால் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். சாதாரண ஆண்டுகளைவிட விலை கூடுதல், ஆனால் லட்சக் கணக்கெல்லாம் இல்லை.

16. சோழர் காசு, சங்ககாலக் காசுன்னு சந்தையில விக்கிறாங்க. எப்படி நம்புறது?

ராஜராஜன் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. தமிழில் இல்லையே என்று திகைக்க வேண்டாம், இயல்பே அதுதான். இலங்கையில் பொலன்னறுவைக் காலத்து அரசர்கள் இதே அமைப்பைப் பின்பற்றித் தம் பெயர் போட்டார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி காசுகளைச் சோழர் காசென்று விற்பவர்கள் உண்டு. எழுத்தைப் படிக்கக் கற்றால் போதும். மலிவான காசு என்பதால் இதில் போலி செய்பவரும் குறைவு.

சங்ககாலத்தில் நிலைமை வேறு. 'பெருவழுதி' என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துள்ள பாண்டியர் காசு, கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த 'மாக்கோதை' வெள்ளிக்காசு போன்றவை விலை மிக்கவை. அதனால் எழுத்தில்லாத அசல் சதுரக் காசை எடுத்து எழுத்தை வெட்டிச் சேர்க்கிறார்கள். காசின் மேல் உள்ள பச்சை, எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே அளவில் இறங்கியிருக்க வேண்டும். பள்ளத்தில் மட்டும் உலோகம் பளிச்சிட்டாலோ, பச்சை வேறு நிறமாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள்: பஞ்சு பச்சையானால் அது வண்ணப் பூச்சு.

ரோமானியக் காசு வாங்குவோருக்கு ஒன்று: அரசர் தலையில் உளியால் வெட்டிய தழும்பு இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள். 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அப்படி வெட்டு உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ஓரிரு மணிநேரம் நின்று அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது எந்தச் சோதனையையும்விட உதவும்.

17. வயல்ல உழும்போது ஒரு பானை காசு கிடைச்சா நமக்குத்தானே சொந்தம்?

அப்படி இல்லை. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் புதைந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பானையையும் மண்ணையும் அப்படியே விட்டால்தான் காலத்தைக் கணிக்க முடியும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் அந்தத் தகவல் போய்விடும்.

1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருள்தான். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் உள்ள தம்பிக்குப் பரிசாகப் பார்சல் போடுவதும் இதில் அடங்கும்.

18. பூவும் பூவுமா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. எர்ரர் காசுதானே?

பெரும்பாலும் இரண்டு காசைக் கடைந்து ஒன்றோடொன்று பொருத்திய வித்தைக்காரர் காசு. உள்விளிம்பை ஒட்டி வட்டமாக ஒரு மெல்லிய கோடு தேடுங்கள், தட்டினால் சொத்தென்று ஒலிக்கும், எடையும் தப்பும்.

அச்சகப் பிழை உண்மையில் உண்டு: அச்சு நகர்ந்து ஓரத்தில் பிறை வடிவம் வெறுமையாக நிற்பது, தகட்டின் ஓரம் வெட்டுப்பட்டது, முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிந்து பதிவது. பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றியது, ஆசிட்டில் போட்டு மெலிந்தது, சுத்தியால் நசுக்கியது எல்லாம் பிழை அல்ல, சேதம். அச்சகத்துக்குள் அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல முடிந்தால்தான் பிழை.

19. ஆல்பத்துல வச்ச செப்புக்காசுல பச்சையா மாவு பூக்குது. துடைச்சா மறுபடி வருது.

இரண்டு வேறு நோய்கள். பிசுபிசுவென்று பச்சைப் பசையாக இருந்தால் ஆல்பத்தின் குற்றம்: மென்மையான, வாசனை வரும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை. அசிட்டோனில் ஊறவைத்து எடுத்து, மைலார் (பி.வி.சி. இல்லாத தெளிவான பிளாஸ்டிக்) சாளரம் உள்ள அட்டை உறைக்கு மாற்றுங்கள். ஸ்டேப்ளர் ஊசி காசில் உரசாமல் அடியுங்கள்.

வெளிர்பச்சை மாவாக உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் உப்பும் ஈரமும் செம்பைத் தின்கின்றன. கடலோர ஊர்க் காசுகளிலும், மண்ணிலிருந்து வந்தவற்றிலும் இது அதிகம். அந்தக் காசை உடனே தனியே எடுங்கள். வடித்த நீரில் ஊறவைத்து நாள்தோறும் நீரை மாற்றி, சில வாரம் கழித்து நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். மீண்டும் பூத்தால் 5 சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். நிறம் சற்று மாறும், விலையுயர்ந்த காசென்றால் நீங்களே முயலாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

20. பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சு மதிப்பெண் போட்ட காசு வாங்கினா பயமே இல்லையா?

பயம் குறையும், தீராது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் மதிப்பீட்டைத்தான் சந்தை பெரிதும் ஏற்கிறது. பெட்டியில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வரும் விவரமும் படமும் கையில் உள்ள காசோடு பொருந்துகிறதா என்று கீறல் கீறலாகப் பாருங்கள். பெட்டியையே போலியாகச் செய்து, அதில் உண்மையான சான்று எண்ணை அச்சடித்தவையும் வருகின்றன. அதனால் எண் இருக்கிறது என்பதோடு நிற்க வேண்டாம்.

உங்கள் காசை மதிப்பீட்டுக்கு அனுப்புவதென்றால் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் கூட்டிப் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க் காசுக்கு அந்தச் செலவு கட்டாது. புளி போட்டுத் தேய்த்த காசுக்கு அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள், கட்டணம் மட்டும் திரும்பாது.